கொதிக்க வைத்தும் பூசணம் ஏன் வந்தது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்காக ஈஸ்ட் வளர்த்துப் பார்த்தேன். அகர் (ஆறினால் ஜெல்லி போல உறையும் பொருள்) சேர்த்த கலவையை அரை மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் தட்டுகளில் ஊற்றினேன், ஆனாலும் மூன்றாம் நாளே பச்சைப் பூசணம் வந்துவிட்டது. என்ன தவறு? அடுத்து, கழிப்பறைக் கைப்பிடியைப் பஞ்சால் துடைத்து அதிலுள்ள பாக்டீரியாவையும் வளர்த்துக் காட்டலாமா?
- மாணவி, விருதுநகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து வேண்டாம். கைப்பிடியில் என்ன கிருமி ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே கொஞ்சமாகக் கிடப்பது தட்டில் ஓரிரு நாளில் கோடிக்கணக்கில் பெருகும், யாராவது ஆர்வத்தில் மூடியைத் திறந்தும் பார்ப்பார்கள். பேக்கரி ஈஸ்ட்டே போதும்.

சரி, பூசணத்துக்கு வருவோம். கொதிநீரின் சூடு 100 டிகிரிதான், சில பாக்டீரியாக்களின் வித்துகள் அதற்குச் சாகாது. அதனால்தான் ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவியில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைக்கிறார்கள். பிரஷர் குக்கரிலும் இதைச் செய்யலாம்: பாட்டிலில் பாதிக்கு மேல் ஊற்றாமல், மூடியை இறுக்காமல் வைத்து, ஆவி சீராக வந்தபிறகு வெயிட் போட்டு, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து 20 நிமிடம். விசிலை எண்ண வேண்டாம். குக்கர் தானாக ஆறும்வரை திறக்கவும் வேண்டாம், அவசரப்பட்டால் கலவை பொங்கிக் கையைச் சுடும்.

ஆனால் உங்கள் பச்சைப் பூசணம் கொதியில் தப்பியது அல்ல, பெரும்பாலும் காற்றிலிருந்து விழுந்ததுதான். 1887-ல் ஜெர்மனியில் பெட்ரி என்ற ஆய்வாளர் தன் தட்டுக்கு விளிம்பைத் தாண்டி இறங்கும் மூடி வைத்ததே இதற்காகத்தான். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது முழுக்கக் காய்ந்து, பாட்டிலையும் தள்ளி வைத்த பிறகுதான் ஸ்பிரிட் விளக்கை ஏற்ற வேண்டும். இதில் அவசரமே கூடாது, ஆல்கஹால் ஆவி சட்டெனப் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சுடர் பக்கத்துக் காற்றை மேலே இழுப்பதால் அதன் அருகில் தூசி விழுவது குறையும், வேலை எல்லாம் அங்கேயே நடக்கட்டும். பாட்டிலைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்ததும், தட்டின் மூடியை ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கி ஊற்றுங்கள். மூடியை மேசையில் வைத்தீர்களோ, போச்சு. ஈஸ்ட்டை எடுத்துத் தடவும் கம்பி வளையத்தைச் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, அப்புறம் ஈஸ்ட்டைத் தொடுங்கள். சூடாகத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும், தெறிக்கவும் செய்யும்.

ஒரு தட்டில் எதுவும் தடவாமல் விடுங்கள். அதில் ஏதாவது முளைத்தால் கோளாறு ஈஸ்ட்டில் இல்லை, கலவையிலோ ஊற்றிய விதத்திலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். தட்டுகளை டேப் ஒட்டிக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நாளில் ஈஸ்ட் வெளிர் வெண்மையில் வழுவழுப்பான புள்ளிகளாகத் தெரியும். பச்சையோ கறுப்போ பஞ்சுபோல வந்தால் அந்தத் தட்டைத் திறக்கவே வேண்டாம்.

முடிந்ததும் கண்ணாடித் தட்டுகளை அப்படியே குக்கரில் 30 நிமிடம் வைத்துவிட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக் தட்டு அந்தச் சூட்டில் உருகும். கையுறை போட்டு, ப்ளீச் கரைசலில் முழுதும் மூழ்கும்படி ஒரு நாள் ஊறவைத்துக் குப்பையில் போடலாம். ப்ளீச்சோடு ஆல்கஹாலோ வினிகரோ சேரவே கூடாது. இந்தக் குக்கரில் மறுபடி சமைக்க வேண்டாம், பழையது ஒன்றைத் தனியாக ஒதுக்கித் தரச் சொல்லி அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.