செவிலியர் வேலையிலிருந்து சேஃப்டி துறைக்கு: எங்கே தொடங்குவது?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மருத்துவமனை வார்டில் செவிலியராக இருக்கிறேன். தொழிற்சாலைகளில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் கவனிக்கும் வேலைக்கு மாற விருப்பம். என்ன படிக்க வேண்டும்? என் அனுபவம் அங்கே செல்லுபடியாகுமா?

பதில்: படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், இரண்டு வேலைகளில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸ். ஆலையின் மருத்துவ மையத்தில் இருந்து, புதிதாகச் சேருபவர்களைப் பரிசோதிப்பது, செவித்திறன், நுரையீரல் சோதனைகளைக் குறித்த இடைவெளியில் எடுப்பது, காயம்பட்டவர் வேலைக்குத் திரும்பலாமா என்று மருத்துவரோடு சேர்ந்து பார்ப்பது. இதற்குச் செவிலியர் பதிவு உயிரோடு இருக்க வேண்டும், புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். மற்றொன்று சேஃப்டி ஆபீஸர். அங்கே நோயாளியே கிடையாது. இயந்திரம், கட்டுமானச் சாரம், மின்சாரம், ஒப்பந்தத் தொழிலாளர், ஆபத்தான வேலைக்கான எழுத்து அனுமதி (பெர்மிட்) என்றுதான் நாள் ஓடும். நேரடியாக இதற்கு விண்ணப்பித்தால் பொறியாளர்களோடு மோத வேண்டியிருக்கும். முதல் கதவில் நுழைந்து, உள்ளிருந்தபடியே இரண்டாவதற்கு நகர்வதுதான் பெரும்பாலும் எளிது.

நேர்முகத் தேர்வில் செவிலியர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “ஊழியர் கையில் ஊசி குத்திவிட்டது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டதும், சோப்புப் போட்டுக் கழுவுவது, ரத்தப் பரிசோதனை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது என்று மளமளவெனச் சொல்லிவிடுவார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கேட்டவர் எதிர்பார்ப்பது அடுத்த பாதியை: ஏன் குத்தியது? பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருந்ததா? கட்டிலுக்கும் பெட்டிக்கும் இடையே ஊசியைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டியிருந்ததா? மூடியைத் திரும்ப மாட்டும் பழக்கமா? “இனிமேல் கவனமாக இருக்கச் சொல்வேன்” என்பது இருப்பதிலேயே பலவீனமான பதில். மாத்திரையாகவே கொடுக்க முடிந்தால் ஊசியே வேண்டாம். இல்லாவிட்டால் குத்தியதும் முனை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஊசி, கட்டிலருகே பெட்டி. அதற்குப் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும். கையுறை கடைசி, அது ஊசியைத் தடுக்காது. ஆபத்தை நீக்கு, மாற்று, பொறியியல் தடுப்பு, நிர்வாக விதி, கடைசியாகத் தற்காப்புக் கருவி என்ற இந்த வரிசைதான் துறையின் அரிச்சுவடி.

இதை இப்போதே உங்கள் மருத்துவமனையில் பழகலாம். ஃபார்மலின், புற்றுநோய் மருந்துக் கலவை, ஆக்சிஜன் சிலிண்டர், நோயாளியைத் தூக்குவது என்று அதுவும் ஆபத்து நிறைந்த பணியிடமே. நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் கையில் விழும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டினால் தூக்கும் கருவி வேண்டும் என்று ஒரு வழிகாட்டல் உண்டு. உங்கள் வார்டு அதற்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரு பிரிவை எடுத்து, பத்து ஆபத்துகளாவது எழுதுங்கள்: யாருக்கு, எப்படி அடிபடும், இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும், யார், எந்தத் தேதிக்குள் செய்வார்கள். கடைசி இரண்டு கட்டங்களை வெறுமையாக விடுவதுதான் எல்லோரும் செய்வது. இந்த ஒரு தாள் உங்கள் பயோடேட்டாவில் சான்றிதழை விட அதிகம் பேசும்.

படிப்பு என்றால் பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் தேர்வு அமைப்பான நெபோஷ் தரும் இன்டர்நேஷனல் ஜெனரல் சர்டிஃபிகேட் பல நாடுகளில் எடுபடும். அதிலும் ஒரு பகுதி இதே போன்ற இடர் மதிப்பீடுதான். பணிப் பாதுகாப்பு, சுகாதார மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001-க்கான தணிக்கையாளர் பயிற்சியை முதலில் எடுக்காதீர்கள். ஆலையையே பார்க்காதவர் தணிக்கை செய்ய வந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். சில நாடுகளில் சேஃப்டி ஆபீஸர் பதவிக்கான தகுதியைச் சட்டமே வகுத்திருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

பொறியாளருக்கு இல்லாத பலம் உங்களிடம் உண்டு. செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்தால் இரைச்சலைச் சந்தேகிக்க உங்களுக்குத் தெரியும் அல்லது சீக்கிரம் பிடிபடும். முதல் செவிச் சோதனைக்கு முன் 14 மணி நேரம் ஊழியர் இரைச்சலில் இருந்திருக்கக் கூடாது. ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்தால் தற்காலிகச் செவி மந்தத்தை அடிப்படை அளவாகப் பதிந்துவிடுவீர்கள். அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குள் போய் இரைச்சலை அளந்து பாருங்கள். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளில் அதிகபட்சம் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 91 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான்.

அதே செவிலியர் சுபாவம் ஓரிடத்தில் உயிரைப் பறிக்கும். தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் உங்கள் கால் தானாக ஓடும். அடைபட்ட இடங்களில் காப்பாற்றப் போய் இறந்தவர்கள் ஏராளம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் நுழையவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், வாடை இல்லை என்று நம்பக் கூடாது. அலாரம் கொடுங்கள், மூச்சுக் கருவியோடு பயிற்சி பெற்ற மீட்புக் குழு வரட்டும்.

இன்னொரு நெருக்கடி மேலிடத்திலிருந்து வரும். அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியைப் பின்பற்றும் நிறுவனங்களில், வெட்டுக்காயத்தை ஒட்டுப் பட்டையால் மூடினால் முதலுதவி. தையல் போட்டால் மருத்துவ சிகிச்சை, நிறுவனத்தின் காயப் பதிவேட்டில் ஏற வேண்டும். “பட்டையே போதும் சிஸ்டர்” என்று மேலாளர் சொல்லக்கூடும். காயத்துக்கு என்ன தேவையோ அதைச் செய்யுங்கள், செய்ததை அப்படியே எழுதுங்கள். ஊழியரின் நோயின் பெயரைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்: வேலைக்குத் தகுதி, நிபந்தனையோடு தகுதி, தகுதியில்லை என்ற முடிவும், நிபந்தனை என்னவென்பதும் மட்டும் மேலாளருக்குப் போதும்.