கல்யாணம், அறை வாடகை, காணி விற்பனை: வரிக் கணக்காளரைத் தேடிப் போக வேண்டியது எப்போது?

கேள்வி: திருகோணமலையில் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். சம்பளத்திலேயே வரியை வெட்டிவிடுகிறார்கள். அண்மையில் கல்யாணம் முடிந்தது. மனைவிக்குச் சீதனமாக வந்த உப்புவெளி வீட்டின் அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட யோசிக்கிறோம். மனைவி வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறார். இதற்கெல்லாம் வரி ஆலோசகர் வேண்டுமா?

பதில்: வேண்டும் தம்பி. ஆனால் கணக்காளருக்கு முன்னால் உட்கார வேண்டியவர் உங்கள் மனைவி. நீங்கள் துணைக்குப் போங்கள்.

இலங்கையில் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி போடுவதில்லை. கல்யாணம் முடிந்ததால் உங்கள் வரிக் கணக்கு மாறப்போவதில்லை. மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சம்பளத்தில் வெட்ட வேண்டியதை நிறுவனமே வெட்டுகிறது. வருட முடிவில், சம்பளத்தில் எவ்வளவு வரி வெட்டினார்கள் என்று காட்டும் டி-10 சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் மனைவியின் பக்கத்தில்தான் புதிதாக இரண்டு வருமானங்கள் வருகின்றன. அவற்றிலிருந்து வரியை வெட்டி, கணக்கை முடித்துக் கொடுக்க அவருக்கு ஒரு நிறுவனமும் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா போன பிறகு, அம்மா நிலாவெளியில் இருந்த தன் சீதனக் காணியை 2024 ஆனி மாதம் விற்றார். நொத்தாரிசு டின் நம்பரை, அதாவது வரி செலுத்துநர் இலக்கத்தைக் கேட்டார், கொடுத்தோம். உறுதி எழுதினோம், பணம் வந்தது, வங்கியில் நிலையான வைப்பில் போட்டோம். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை என்று தெரியும். அதனால் அவருக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நாலு மாதம் கழித்து, வைப்பு வட்டியைப் பற்றிக் கேட்கத்தான் ஒரு கணக்காளரிடம் போனேன். அவர் வட்டியை விட்டுவிட்டு, "2017 செப்டெம்பர் 30 அன்று அந்தக் காணியின் பெறுமதி என்ன?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் திகதிக்கு முன்பிருந்தே கையிலிருந்த சொத்தை விற்றால், அன்றைய சந்தைப் பெறுமதியைத்தான் அடக்கவிலையாக எடுக்க வேண்டும். அதற்கு மேல் கிடைத்த இலாபத்துக்கு அப்போது 10 சதவீத வரி. வருமானத்தில் வழமையாகக் கழிக்கும் தனிநபர் கழிவு இந்த இலாபத்துக்குப் பொருந்தாது. எங்களிடம் இருந்ததோ 1978ஆம் ஆண்டுச் சீதன உறுதியும், அதில் எழுதியிருந்த சில ஆயிரம் ரூபாயும் மட்டும்தான்.

பிறகு ஒரு விலைமதிப்பீட்டாளரைப் பிடித்தோம். 2017இல் அக்கம்பக்கத்துக் காணிகள் கைமாறிய உறுதிகளைத் தேடியெடுத்து, அவர் பின்னோக்கிய மதிப்பீடொன்று எழுதித் தந்தார். அதற்குள் காலம் போய்விட்டது. இந்த இலாபத்துக்கு வருடாந்த விபரத்திரட்டு (வருமான வரிப் படிவம்) வரை காத்திருக்க முடியாது, விற்ற சில வாரங்களிலேயே தனியாக அறிவித்துக் கட்ட வேண்டும். பிந்திய வரிக்கு மாதம் 1.5 சதவீத வட்டி. கணக்காளர் எங்களிடம் வாங்கிய கூலி அந்த வட்டியை விடக் குறைவு. விலை பேசிய அன்றே போயிருந்தால் அந்த வட்டி ஒரு சதமும் இல்லை. அம்மா அதை நினைத்துப் பல நாள் நித்திரை கொள்ளவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே போங்கள்.

போகும்போது இரண்டு விடயத்தை விளக்கமாகக் கேளுங்கள். முதலாவது, வீடு. வெறுமனே வாடகைக்கு விட்டால் திருத்த வேலை, தேய்மானத்துக்கென்று வாடகையில் 25 சதவீதம் கழிப்பார்கள். காலைச் சாப்பாடு, அறை துப்புரவு என்று விருந்தினர் விடுதி மாதிரி நடத்தினால் அது வியாபாரம். அங்கே உண்மையான செலவுகளைப் பற்றுச்சீட்டோடு காட்ட வேண்டும். இன்னொன்று: ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை விற்றால் அந்த இலாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு முந்திய 3 வருடமும் வீடு அவருடையதாக இருக்க வேண்டும், அதில் 2 வருடமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். நீங்கள் வெளியேறி முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால் அந்தக் கணக்கு தேயத் தொடங்கிவிடும். பின்னொரு நாள் விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

இரண்டாவது, மனைவியின் வேலை. 2025 மார்ச் 31 வரை இப்படியான சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்த பணத்துக்கு வரிவிலக்கு இருந்தது. ஏப்ரல் 1 முதல் அது இல்லை. உச்சம் 15 சதவீதம் என்ற சலுகை உண்டு. அதற்கும் பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். உண்டியலில் வந்தாலோ, தெரிந்தவர் கணக்குக்கு வந்து கைமாறினாலோ சலுகை போய்விடும். அவர் அங்கே சம்பளக்காரரா, சேவை வழங்குபவரா என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் காசு புழங்குவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை. தவணை வரி கட்டும் நாள்கள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. முதல் தவணை சீசன் நடுவில் வருகிறது, அப்போது கையில் இருக்கும். அடுத்த இரண்டும் மழைக்காலத்திலும் அதன் வாலிலும் வரும், அறைகள் வெறுமையாகக் கிடக்கும். சீசன் பணத்தில் வரிக்கென்று ஒரு பங்கை மனைவியின் பெயரில் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வரி வருடம் முடிந்த பிறகு, மிச்சம் மீதியைச் செப்டெம்பர் 30க்குள் கட்டி, விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

ஆளைத் தேடும்போது பட்டயக் கணக்காளரா என்று கேளுங்கள், காணி வாடகைக் கணக்குகள் பார்த்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். அனுப்பிய விபரத்திரட்டின் பிரதியை வாங்காமல் எழும்ப வேண்டாம். முதல் நாள் சீதன உறுதி, மனைவியின் டின் நம்பர், வேலை ஒப்பந்தம், ஏப்ரலிலிருந்து அவருடைய வங்கிக் கூற்று, இவை நாலும் போதும். வீட்டு உறுதியில் மனைவியின் பெயர் மட்டும்தானா, அவருடைய அம்மாவுக்கு ஆயுள் உரித்து (உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை) ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். அப்படி இருந்தால் வாடகை யாருடைய வருமானம் என்பதே மாறலாம்.