கடலுக்கடியில் ஜோடி டைவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி? ராட்டில், ஹாரன் ஏதாவது வாங்கலாமா?

உங்கள் ஜோடி கேமராக்காரர் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளர் இல்லை. மொத்தமே 40 சொச்சம் டைவ்தான். அதனால் 'ஜோடியை விட்டு ஏன் அவ்வளவு தள்ளிப் போனாய்' என்று கமெண்டில் வகுப்பெடுக்க வேண்டாம். தப்புதான், தெரியும்.

2019 பிப்ரவரி, அந்தமானில் ஹேவ்லாக். முந்தைய டிசம்பரில்தான் சுவராஜ் த்வீப் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். படகுத்துறையில் எல்லோர் வாயிலும் ஹேவ்லாக்தான். என் ஜோடி என் மச்சான், மனைவியின் தம்பி. 'மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்பார்கள். மலைத்தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பது மச்சான்தானாம். அக்கா தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு. என் மச்சான் கையில் கயிறு இல்லை, கோப்ரோ கேமரா இருந்தது.

16 மீட்டர் ஆழத்தில் முதுகில் ஏதோ நழுவியது. காற்று டேங்கை ஜாக்கெட்டோடு இறுக்கும் நைலான் பட்டையை நனைத்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும். காய்ந்த பட்டை தண்ணீரில் ஊறியதும் தளர்ந்துவிடும். படகில் மாட்டிக் கொடுத்தவர் நனைக்கவில்லை. (சரி, நானும் இழுத்துப் பார்க்கவில்லை.) டேங்க் கீழே சரியச் சரிய, ஹோஸ் வாயிலிருந்த ரெகுலேட்டரை (மூச்சு விடும் கருவி) பின்னுக்கு இழுத்தது. பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் டேங்கின் அடியைத் தாங்கிக்கொண்டு நின்றேன். இதை நாமே சரிசெய்வது பெரும்பாடு, பின்னால் ஓர் ஆள் வேண்டும். மச்சான் ஏழெட்டு மீட்டர் முன்னால், ஒரு பாறையடிக்குள் தலையை விட்டு சிங்கமீனைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். 'நீந்திப் போய்த் தொட வேண்டியதுதானே' என்பவர்களுக்கு: எதிர்நீரோட்டம், ஐயா.

ராட்டிலை ஆட்டினேன். விரல் நீளக் குழாய், உள்ளே இரும்புக் குண்டுகள், அவ்வளவுதான். நம்மூர்க் கிலுகிலுப்பையேதான். மச்சான் தலையை வெளியே எடுத்தான். மேலே பார்த்தான், இடது பக்கம் பார்த்தான், தூரத்தில் வேறு குழுவுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்த வழிகாட்டியைப் பார்த்து ஓகே காட்டினான். மறுபடி உள்ளே போய்விட்டான். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அவனையும் குறை சொல்ல முடியாது. காற்றில் சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வருவதை வைத்துத்தான் பெரும்பாலும் திசை பிடிக்கிறோம். தண்ணீரில் ஒலி நொடிக்கு 1500 மீட்டர், காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேர்கிறது. அதனால் தலைக்குள்ளேயே யாரோ தட்டுவதுபோல் இருக்கும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். யார், எங்கே என்று தெரியாது. கண்ட மீனுக்கெல்லாம் எல்லோரும் ஆட்டுவதால் யாரும் மதிப்பதும் இல்லை. டேங்கில் ரப்பர் வளையத்தோடு மாட்டும் குண்டுக்கும் இதே கதிதான். ஜாக்கெட்டில் காற்றேற்றும் ஹோஸில் இணைக்கும் ஹாரனை அழுத்தினால் அங்கிருக்கும் மொத்தக் கூட்டமும் திரும்பும், உங்கள் ஆள் உட்பட. அவசரத்துக்கு நல்லது. ஆனால் மீன் காட்ட அழுத்தினால் மறுநாள் உங்களோடு யாரும் வரமாட்டார்கள்.

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது டார்ச். டேங்கை விட்டுவிட்டு, வெளிச்சத்தை அந்தப் பாறையடி இருட்டுக்குள் இடமும் வலமுமாக வேகமாக வீசினேன். கேமராவுக்கு முன்னால் வெளிச்சம் ஆடினால் எந்தக் கேமராக்காரனுக்கும் கோபம் வரும். திரும்பினான். வட்டம் போட்டால் ஓகே, வேகமாகப் பக்கவாட்டில் வீசினால் ஆபத்து என்பது அவனுக்கும் தெரியும். வந்து, டேங்கைத் தூக்கிப் பிடித்து, பக்கிளைத் திறந்து, பட்டையை இழுத்துப் பூட்டினான். இரண்டு நிமிட வேலை. வெட்ட வெளிச்சத்தில், ஆழம் குறைவான இடத்தில் டார்ச் இவ்வளவு எடுபடாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் ராட்டில் வாங்குங்கள், விலை குறைவுதான். ஆனால் இறங்கும் முன் பேசிவைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இப்போது இரண்டு முறை ஆட்டி, இடைவெளி விட்டு, மறுபடி இரண்டு முறை ஆட்டினால் 'நான்தான், திரும்பு'. அப்புறம் ஜோடிக்குப் பின்னால் போகாதீர்கள். தோளுக்குத் தோள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் போனால் இது எதுவுமே வேண்டாம்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில், காலில் மாட்டி நீந்தும் ஃபின்ஸை 'விளையாட்டுச் சாமான்' என்று சொல்லித் தனியாகப் பணம் பிடுங்கினார்கள். மொத்தப் பையும் 15 கிலோவுக்குள்தான் இருந்தது. கோல்ஃப் மட்டையா கொண்டுவந்தேன்? கைப்பையைச் சோதித்தவர் ராட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கா சார்?" என்றார். மச்சான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

அவனுடைய வீடியோவில் என் கிலுகிலுப்பைச் சத்தம் முழுசாகப் பதிவாகியிருக்கிறது. சிங்கமீனும் இருக்கிறது. நான் இல்லை.