அரை ஷிப்டின் விலை

கேள்வி: பிழைக்க வந்த ஊரில் தனியாகக் குழந்தையை வளர்த்துக்கொண்டு, பாதியில் விட்ட கல்லூரிப் படிப்பை முடிக்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?

முடியும். ஆனால் செலவு நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

எனக்கு ஆண்டிபட்டிப் பக்கம். பி.காம். முதல் வருடம் முடித்த கையோடு கல்யாணம், அதோடு படிப்பு நின்றது. 2018-இல் நான்கு வயது மகளோடு திருப்பூருக்கு பஸ் ஏறினேன். ஏன் என்பது இங்கே வேண்டாம். அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீடு கேட்டுப் போனால் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: "வூட்டுக்காரரு எங்கீங்க?" அடுத்தது, "உங்களுக்கு எந்தூருங்க?" ஊரைக் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள இல்லை என்பது தெக்கத்தி ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஏழாவதோ எட்டாவதோ வீட்டில் ஒரு பெரியம்மா மட்டும், "கொழந்தைய வெச்சுட்டு வெய்யல்ல நிக்கிற, உள்ள வா அம்மணி" என்றார். இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். என் மகளுக்கு அவர்தான் அம்மிச்சி, அதாவது அம்மாவழிப் பாட்டி.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. இங்கே யாரும் ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போவதில்லை. காலை எட்டரைக்கு நுழைந்தால் இரவு எட்டரை, அதுதான் ஒன்றரை ஷிப்ட். எனக்கு அப்போது ஷிப்டுக்கு 320, ஒன்றரைக்கு 480 ரூபாய். சனிக்கிழமை சம்பளம். 2020 ஊரடங்கில் கம்பெனி பூட்டிக் கிடந்தபோது சனிக்கிழமைகள் வந்தன, சம்பளம் வரவில்லை. மாதச் சம்பள வேலைக்குப் போக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

ரெகுலர் கல்லூரியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, பகலில் வகுப்பில் உட்கார்ந்தால் வாடகை யார் கொடுப்பது? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழி பி.காம். எடுத்தேன், முதல் வருடத்திலிருந்தே மறுபடியும். கட்டணம் சில ஆயிரம்தான். ஆனால் இரவு எட்டரைக்கு வந்து சோறாக்கி, துணி துவைத்து, அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நெளியும். திங்கள், புதன், வெள்ளி மட்டும் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த அரை ஷிப்டுக்கு 160 ரூபாய் போகும். வாரத்துக்கு 480, வருடத்துக்கு 25,000. மூன்று வருடப் படிப்புக் கட்டணத்தை மொத்தமாகக் கூட்டினாலும் அதைத் தொடாது. ஆகவே "ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்பவர்களிடம் "எத்தனை அரை ஷிப்டை விட முடியும்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஷிப்மெண்டு நிக்குதுங்க, நீங்க புஸ்தகம்ங்கறீங்க" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஷிப்மெண்ட் வாரத்தில் எட்டரை வரை இருக்கிறேன், மற்ற வாரங்களில் விடுங்கள் என்று பேசி முடித்தேன். பக்கத்து டேபிள் அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் கிளம்பினால் என் பீஸும் அவர் தலையில்தானே விழும்!

செக்கிங்கில், துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். வீட்டில் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் புரியாத வரிக்கெல்லாம் அதையே ஒட்டினேன். தேய்மானம் பாடத்தில் பக்கத்துக்குப் பத்து ஸ்டிக்கர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதைப் பார்த்த ஆசிரியர், "எங்கம்மா வேலை?" என்று கேட்டுவிட்டு, "சரி, புது ஓவர்லாக் மிஷினை அஞ்சு வருஷம் ஓட்டி வித்தா என்ன விலைக்குப் போகும்?" என்றார். பாதிகூட வராது என்றேன். "அந்தப் பாதி எங்கே போச்சுன்னு எழுதறதுதான் பாடம்" என்றார். அன்று எட்டு ஸ்டிக்கரைப் பிய்த்தேன்.

அந்த ஞாயிறுகளில் மகளை அம்மிச்சி பார்த்துக்கொண்டார். மகளிருக்கு டவுன் பஸ் 2021 மே மாதத்திலிருந்தே இலவசம் என்பதால் வகுப்புக்குப் போய்வரக் காசு ஆகவில்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது மகள் நான்காவது படித்துக்கொண்டிருந்தாள். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம் மிச்சமாகி, அது எனக்குப் படிக்கிற நேரமானது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பிளஸ் டூ முடிக்காமலே பட்டம் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், 2009-இல் வந்த அரசாணை எண் 107-ஐப் பாருங்கள். பத்தாவது, பிளஸ் டூ முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தைத்தான் தமிழக அரசு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பிளஸ் டூ இல்லையென்றால் முதலில் தனித்தேர்வராக அதை எழுதிவிடுங்கள். அப்புறம், வீட்டை விட்டுக் கிளம்பும்போது தாலியை விட்டுவிட்டுக்கூட வரலாம், மார்க் ஷீட்டை விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையது அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் மாட்டிக்கொண்டது. தம்பி இரண்டு முறை போய்ச் சண்டை போட்டுத்தான் வாங்கி வந்தான்.

இப்போது வேறொரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நிட்டிங், டையிங் பில்களை டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிற வேலை, மாதம் 13,000. ஒன்றரை ஷிப்ட் பார்த்தபோதும் 26 நாளுக்கு 12,480 வந்ததே என்று கேட்பீர்கள். உண்மைதான், கூடுதல் 520 ரூபாய்தான். ஆனால் ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளம் உண்டு.

சேர்க்கை ஜூலை, ஜனவரி என வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். பனியன் கம்பெனியில் இருப்பவர்கள் ஜனவரியைக் குறிவையுங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் கட்டணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அப்புறம் ஊருக்கு பஸ் ஏறுங்கள்.