பின்சீற்றில் இருப்பவரைக் கேளுங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் இருக்கிறேன். கே.டி.எச் (ரொயோட்டா ஹயஸ்) வேன் ஓடுகிறேன். கிழமைக்கு இரண்டு நாள் ஊரிலிருந்து மூன்று பேரை டயாலிசிஸுக்காக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் வருகிறேன். மற்ற நாளில் வாடகை ஓட்டம். பின்னால் இருக்கிறவர்கள் "தூக்கித் தூக்கிப் போடுது" என்று முறையிடுகிறார்கள். ஒரு கராஜில் காட்டினேன். நாலு சொக் அப்சோபருக்கு 96,000, பின்பக்கம் பாரம் தாங்குகிற காற்றுப் பை பூட்ட 110,000, பிளேட் (பின்பக்கத்தைத் தாங்குகிற வில் தகடு) கூட்டிக் கூலியும் சேர்த்து 59,000, எல்லாமாக 265,000 ரூபாய் என்றார்கள். கடன் எடுத்தாவது செய்யலாமா?

பதில்: தம்பி, கடன் எடுக்க வேண்டாம். அந்தக் கணக்கில் காற்றுப் பையையும் பிளேட்டையும் இப்போதே வெட்டிவிடுங்கள்.

கே.டி.எச் அடிப்படையில் சாமான் ஏற்றச் செய்த வண்டி. முன்பக்கம் ரோர்ஷன் பார் (முறுகி அடி தாங்குகிற இரும்புக் கம்பி), பின்பக்கம் பிளேட். அந்தப் பின் பிளேட் ஒரு தொன் அளவு பாரம் தாங்கப் போட்டது. மூன்று நோயாளிகளும் துணைக்கு வந்த மூன்று பேரும் அதற்குப் பாரமே இல்லை. பாரம் இல்லாவிட்டால் பிளேட் வளையாது, குழியில் விழுகிற அடி அப்படியே சீற்றுக்கு வரும். இதில் இன்னொரு பிளேட் கூட்டினால் இன்னும் இறுகும். காற்றுப் பையும் அப்படித்தான். நெல் மூட்டையோ மீன் பெட்டியோ ஏற்றிப் பின்பக்கம் குந்துகிற வண்டிக்கு அது நல்ல சாமான். இறுகிக் கிடக்கிற பிளேட்டை அது இளக்காது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அக்காவை இரண்டு வருடம் இதே வேலைக்கு ஏற்றி இறக்கினேன். போகும்போது கதைத்துக்கொண்டு வருவா. திரும்பி வரும்போது தலைசுற்றும், கால் குறண்டும். கிறவல் றோட்டில் இறங்கினதும் ஊசி ஏற்றுகிற இடது கையை வலது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுவா. கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். ஒருநாள் தம்பியை ஓடச் சொல்லிவிட்டு நான் பின்சீற்றில் போய் இருந்தேன். அன்றைக்குத்தான் விளங்கினது, ஓடுகிறவனுக்குத் தன் வண்டி எப்படி அடிக்கிறது என்று தெரியாது. நீங்களும் ஒரு தரம் அப்படிப் போய்ப் பாருங்கள்.

காசே செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலே, கொஞ்சம் பின்னுக்கே இருக்கிறது. அடி முழுக்க அங்கேதான். நோயாளிகளை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் வருகிற வரிசையில் இருத்துங்கள், துணைக்கு வருகிறவர்கள் பின்னுக்குப் போகட்டும். மறுகா, ரயர் காற்று. பெற்றோல் செட்டில் "வேன்தானே" என்று அறுபது பி.எஸ்.ஐ.க்கு அடித்து விடுகிறார்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், முன்னுக்கு எவ்வளவு பின்னுக்கு எவ்வளவு என்று. காலையில் வண்டி எடுக்க முன், ரயர் சூடாகாத நேரம், அந்த அளவுக்கு வையுங்கள். அதற்குக் கீழே போகக் கூடாது.

இனி வண்டிக்குக் கீழே போங்கள். பிளேட் முனையில் இருக்கிற ரப்பர் புஷ்ஷை ரோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல புஷ் நடுவில் ஆணியைச் சுற்றி ஒரே வட்டமாக இருக்கும். போனது ஒரு பக்கம் தேய்ந்து, வெடித்து, கறுப்புத் தூள் கொட்டியிருக்கும். அதற்குள் இரும்பு இரும்பில் முட்டுகிற சத்தத்தைத்தான் பலர் "சொக் போச்சு" என்று சொல்கிறார்கள். வெள்ளத்துக்குள்ளும் உப்புக்காற்றிலும் ஓடுகிற நமது வண்டிகளில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டியும் கிடக்கும். சின்னக் கல்லுக்கு அது அசையவே அசையாது. பிளேட்டைக் கழற்றித் துரு சுரண்டி, இடையில் இருக்கிற துண்டுகளைப் புதிதாகப் போட்டுக் கட்டினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். பிளேட்டை அச்சோடு கட்டுகிற யூ போல்ற்றும் புதிதாகப் போடுங்கள், ஆயிரம் கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்குங்கள். முன் சில்லைப் பிடித்திருக்கிற 'ஆம்' என்ற இரும்புக் கையின் புஷ் மாற்றினால், சில்லு நிலத்தில் பட்டு வண்டியின் பாரம் இறங்கின பிறகே கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். இந்த ஒரு விஷயத்தில் நான் என் பொடியன்களோடு சண்டை பிடிப்பேன். புஷ், பிளேட் வேலை, வீல் எலைன்மன்ட் எல்லாம் சேர்த்து என் கராஜில் 38,000 வரும்.

சொக்? அது வேணும். ஆனால் சொக் மெத்தை இல்லை, பிளேட் ஆடுகிற ஆட்டத்தை அடக்குகிற சாமான். மூலையை உடம்பு பாரம் கொடுத்து அமத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு தரம் எழும்பி நின்றால் சரி, இரண்டு மூன்று தரம் ஆடினால் போய்விட்டது. சொக்கின் உடம்பில் ஒயில் வழிந்திருந்தாலும் மாற்றுங்கள். சோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய சொக்கில் தடித்த ஒயில் நிரப்பித் தருகிறவர்களிடம் போகாதீர்கள், கல்லு மாதிரி அடிக்கும். நல்ல சொக் போட்டால் குழி றோட்டில் ரயர் நிலத்தை விடாது, பிரேக் பிடிக்கும், ரயரும் திட்டுத் திட்டாகத் தேயாது. அந்த 96,000 வீண் போகாது.

ஆக 134,000. அதிலும் முதலில் 38,000 வேலையைச் செய்து, ஒரு மாதம் ஓடி, உங்கள் மூன்று பேரையும் கேளுங்கள். அவர்கள் சரி என்று சொல்லி, சொக்கில் மேலே சொன்ன ஆட்டமோ ஒயில் வழிவோ இல்லாவிட்டால், அதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

கேள்வி: என்னிடம் டொல்பின் வேன். கோயில் பயணங்களுக்கு ஓடுகிறேன். பின்பக்கம் ஒரு பிளேட்டைக் கழற்றினால் சொகுசாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா? (அக்கரைப்பற்று)

பதில்: வெறும் வண்டியில் உண்மை. ஆள் நிரம்பி, மேலே சாமானும் கட்டினால் பின்பக்கம் இறங்கி ரப்பர் ஸ்ரொப்பரில் போய் இடிக்கும். இரவில் லைற் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். பதுளைக்கு ஏறுகிற வளைவில் பின்பக்கம் சாயும். கழற்றாதீர்கள் அண்ணன். உங்களை நம்பி ஏறுகிறது குடும்பங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க சேர்விஸ் செய்யும்போது அடியில் கழிவு ஒயில் அடிக்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: வேண்டாம். ஒயில் பட்ட ரப்பர் ஊதி இளகும், புஷ் எல்லாம் சீக்கிரம் போய்விடும். கடற்கரை ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணியால் அடியைக் கழுவிக் காயவிடுங்கள். துருத்தடுப்புப் பூச்சு அடிப்பதென்றால் ரப்பரையும் பிரேக்கையும் மூடிக் கட்டிவிட்டு அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.