தேங்காய் எண்ணெய் முதல் நாய்க்கடி ஊசி வரை: முரண்பட்ட உடல்நலத் தகவல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): அக்கா, எங்க வீட்டுல எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய்தான். ஒரு டாக்டர் அது கொலஸ்ட்ராலை ஏத்தாதுன்னு ஆய்வைக் காட்டுறார். இன்னொருத்தர் ஏத்தும்னு வேற ஆய்வைக் காட்டுறார். யாரு சொல்றது பொய்?

பதில்: இரண்டு பேரும் காட்டுவது நிஜமான ஆய்வாகவே இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை.

2018-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் ஆரோக்கியமான, நூற்றுக்கும் குறைவான ஆட்களுக்கு தினம் 50 கிராம் வீதம் 4 வாரம் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வெண்ணெய், ஒன்றுக்கு ஆலிவ் எண்ணெய், ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய். வெண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) ஏறியது. தேங்காய் எண்ணெய்ப் பிரிவு ஆலிவ் பிரிவிலிருந்து சொல்லும்படி வேறுபடவில்லை. "ஏத்தாது" என்பவர்கள் கையில் எடுப்பது இதைத்தான். 2020-இல் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று வந்தது. அதில் தேங்காய் எண்ணெயை மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது எல்டிஎல் சுமார் 10 மில்லிகிராம் கூடியது, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) சுமார் 4 கூடியது. ஒரே ஒரு சிறிய, 4 வாரச் சோதனையை விடப் பல சோதனைகளின் கூட்டுக் கணக்குக்கே நான் எடை கொடுப்பேன்.

"நல்ல கொலஸ்ட்ராலும் ஏறுதே" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. ஹெச்டிஎல்லை மட்டும் மருந்து கொடுத்து ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. அதனால் அந்த 4-ஐ வைத்து 10-ஐக் கழிக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது: மாதம் வாங்கும் எண்ணெயை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை 30-ஆல் வகுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். நினைத்ததை விட அதிகமாகவே இருக்கும். எல்டிஎல் சரியாக இருந்து இதய நோயும் இல்லாதவர் அவியலிலும் தாளிப்பிலும் கொஞ்சம் சேர்ப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எல்டிஎல் கூடியவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் தினசரிச் சமையலை நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாற்றி, 6 முதல் 8 வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பார்க்கட்டும். மருந்தை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. வெந்த எண்ணெய் (தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுப்பது), வெர்ஜின் எண்ணெய் என்று விலை கூடினாலும் கொழுப்பின் சேர்க்கை ஏறக்குறைய அதேதான்.

கேள்வி (குலசேகரம்): எங்க அம்மைக்குக் கொலஸ்ட்ரால் இருக்கு. ஒரு மலையாள வீடியோவைப் பார்த்துட்டு காலைல வெறும் வயித்துல புளிச்சக்காய் ஜூஸ் அரை கிளாஸ் குடிக்கிறாங்க. இயற்கைதானே, ஒண்ணும் செய்யாதுன்னு சொல்றாங்க.

பதில்: இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கவில்லை. கொலஸ்ட்ராலுக்காக இந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றிக் கேரளத்தின் 5 மருத்துவமனைகளிலிருந்து 2013-இல் ஒரு அறிக்கை வந்தது. அதில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

காரணம் ஆக்சலேட் என்கிற வேதிப்பொருள். மலையாளத்தில் இரும்பன்புளி, ஆங்கிலத்தில் பிலிம்பி என்கிற இந்தக் காயில் அது மிக அதிகம். மீன்குழம்பில் நாலு காய் போட்டால் அது வீட்டில் நாலைந்து பேருக்குப் பிரிகிறது. ஜூஸ் என்றால் ஒரு கை நிறையக் காய்களின் ஆக்சலேட் ஒரே ஆளுக்கு, அதுவும் வெறும் வயிற்றில் போகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கும் வயிற்றுப்போக்கில் நீர் இழந்தவர்களுக்கும் ஆபத்து கூடும்.

அம்மைக்குச் சிறுநீர் குறைந்திருந்தாலோ, வாந்தி, முதுகுப் பக்கத்தில் வலி, கால் வீக்கம் இருந்தாலோ இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், யூரியா ரத்தப் பரிசோதனைகளைச் சீக்கிரமே பார்த்துவிடுங்கள். எத்தனை நாள், எவ்வளவு குடித்தார் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். "நாட்டு மருந்து ஏதும் எடுத்தீங்களா" என்று கேட்டால் ஜூஸ் அந்தக் கணக்கில் வராது என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி (குளச்சல்): கருவாடு சிகரெட்டோட அதே பட்டியல்ல இருக்காம், புற்றுநோய் வரும்னு ஒரு மெசேஜ் சுத்துது. நாங்க தலைமுறை தலைமுறையா சாப்பிடுறோம்.

பதில்: பட்டியல் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருப்பது "சீன முறை உப்பு மீன்". மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோயோடு, குறிப்பாகச் சிறுவயதிலிருந்தே அதைச் சாப்பிட்டவர்களிடம், தொடர்பு தெளிவாகத் தெரிந்ததால் அப்படி வைத்தார்கள். அந்த முறையில் மீன் ஓரளவு சிதைந்து மென்மையாவதும் உண்டு. நம்மூர் நெத்திலிக் கருவாட்டைப் பார்த்து எழுதிய வகைப்பாடு இல்லை அது. அதற்காக நம் கருவாட்டுக்கு நற்சான்று கிடைத்துவிட்டது என்றும் எடுக்க வேண்டாம்.

இந்தப் பட்டியல் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்தின் அளவை அது சொல்லாது. பதப்படுத்திய இறைச்சியும் 2015 முதல் அதே பிரிவில்தான்: தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 6 ஆகிறது. புகைப்பவரின் நுரையீரல் ஆபத்தோ பல மடங்கு. சதவீதம் கண்ணில் பட்டால் "எத்தனையிலிருந்து எத்தனைக்கு" என்று தேடுங்கள்.

கருவாட்டில் நான் கவலைப்படுவது உப்பைப் பற்றி. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிரஷர் உள்ளவர்கள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல், எப்போதாவது சாப்பிடுங்கள்.

கேள்வி (கருங்கல்): மகன் கல்ஃப்ல இருந்து ரிப்போர்ட் அனுப்பியிருக்கான். வெறும் வயித்துல சுகர் 7.2. நெட்டுல 126-க்குக் கீழ இருந்தா பயமில்லைன்னு இருக்கு. அப்ப நல்லதுதானே?

பதில்: அலகு வேறு, அம்மா. அங்கே பல லேப்களில் மில்லிமோலில் எழுதுகிறார்கள். 18-ஆல் பெருக்கினால் 7.2 என்பது சுமார் 130 மில்லிகிராம், அதாவது சர்க்கரை நோயின் எல்லைக்குள். இன்னொரு நாளும் வெறும் வயிற்றில் பார்த்து, ஹெச்பிஏ1சி-யும் (சுமார் 3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள். கொலஸ்ட்ராலுக்கு 18 பொருந்தாது, அதை 38.7-ஆல் பெருக்க வேண்டும்.

கேள்வி (மார்த்தாண்டம்): சர்க்கரையை 90 நாள்ல அடியோடு ஒழிக்கும் பொடின்னு விளம்பரம் வருது, "சித்த மருந்து"ன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. முறையான சித்த மருந்தின் டப்பாவில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், உட்பொருள், முகவரி இருக்கும். அவை இருந்தாலும், பதிவு பெற்ற சித்த மருத்துவர் உங்களைப் பார்த்துத் தருவதும் விளம்பரம் பார்த்து வாங்குவதும் ஒன்றில்லை.

கேள்வி (ஆரல்வாய்மொழி): தம்பியை நாய் கடிச்சு ரத்தம் வந்துச்சு. அரசு ஆஸ்பத்திரில 4 ஊசின்னாங்க, தனியார்ல 5, யூடியூப்ல 3 போதும்னு. எதைப் போட?

பதில்: மக்களே, மூன்றும் தனித்தனி முறைகள். தசையில் போடுவது 0, 3, 7, 14, 28-ஆம் நாட்களில், 5 ஊசி. தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் போடுவது 0, 3, 7, 28-ஆம் நாட்களில். இவை இரண்டும்தான் நம் நாட்டு வழிகாட்டலில் உள்ளவை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் 0, 3, 7 என்ற குறுகிய தோல் முறையையும் ஏற்றது. வீடியோவில் சொல்வது அது. தொடங்கிய இடத்தில் கொடுத்த அட்டவணையை அப்படியே முடியுங்கள், இடையில் நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

ரத்தம் வந்திருப்பதால் ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார் எதிர்ப்புப்பொருள்) போட வேண்டும். போட்டார்களா என்று சீட்டில் பாருங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவவில்லை என்றால் இப்போதாவது கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். நாயை 10 நாள் கவனிக்கலாம், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்: முழுதாகப் போட்டவருக்கு மறுபடி கடி பட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாட்கள் மட்டும் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.