பருந்துக் கூண்டு கழுவ மகளை அனுப்பலாமா?

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், காயம்பட்ட பருந்து, ஆந்தைகளைப் பராமரிக்கும் பெங்களூரு மையம் ஒன்றுக்கு விடுமுறையில் தன்னார்வலராகப் போக விரும்புகிறாள். சம்பளம் கிடையாது, தங்கும் செலவும் நம் தலையில். அந்தப் பணத்தில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சியில் சேர்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் சான்றிதழுக்காக அனுப்பாதீர்கள். பறவை மீது ஆசை இருப்பது வேறு, பறவையோடு வேலை செய்ய முடிவது வேறு. எம்.எஸ்சி.யில் சேர்ந்து ஒரு வருடம் போன பிறகு ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகள் உண்டு. அதை இப்போதே, ஒரு விடுமுறையிலேயே தெரிந்துகொள்ள முடிவது பெரிய லாபம்.

அங்கே என்ன வேலை என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எச்சம் படிந்த கூண்டைக் கழுவ வேண்டும். இறந்த எலியையும் கோழிக்குஞ்சையும் வெட்டி, எடை பார்த்து வைக்க வேண்டும். வெறும் சதையை மட்டும் கொடுத்தால் வளரும் குஞ்சுக்குக் கால்சியம் போதாமல் எலும்பு வளைந்துவிடும். அதனால் எலும்போடும் தோலோடும்தான் இரை வைப்பார்கள். செரிக்காத முடியையும் எலும்பையும் ஆந்தை உருண்டையாகக் கக்கும். அது கக்கியதா, எவ்வளவு தின்றது, எடை ஏறியதா என்று தினமும் எழுத வேண்டும். நீங்கள் சைவக் குடும்பம் என்று எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். போன பிறகு முகம் சுளிப்பதைவிட, போகும் முன்பே பேசிவிடுவது நல்லது.

குறிப்பெடுக்கும் வேலையை மட்டும் அவள் அலட்சியமாக நினைக்கவே கூடாது. செத்த மாடுகளைத் தின்னும் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கு மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்தே காரணம் என்று 2004-ல் நிறுவியவர்கள், செத்த பறவைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தவர்கள். 2006-ல் இந்தியா அதைக் கால்நடை மருந்தாகப் பயன்படுத்தத் தடை விதித்தது. பொறுமையாக எழுதப்பட்ட நோட்டுக்கு அவ்வளவு வலிமை உண்டு, அம்மா.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பறவைகளிடம் பயப்பட வேண்டியது அலகைவிடக் கால் நகங்களுக்குத்தான். அனுபவமுள்ளவர்கள் முதலில் கால்களைப் பிடித்துக்கொண்டு, தலையைத் துணியால் மூடுவார்கள். கண் மறைந்தால் பறவை அடங்கிவிடும். பொறுப்பான மையம் எதுவும் புதியவர் கையில் உடனே பருந்தைக் கொடுக்காது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு போகட்டும். கையுறை, கை கழுவுவது இரண்டிலும் சலுகையே வேண்டாம்.

அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கப்போவது வேறொன்று. கொஞ்சக் கூடாது. மனிதரோடு பழகிப்போன குஞ்சைத் திரும்பக் காட்டில் விட முடியாது என்பதால், அதன் எதிரில் பேசுவதற்குக்கூடக் கட்டுப்பாடு இருக்கும். செல்ஃபி கிடையவே கிடையாது. பார்த்துப் பார்த்து இரை வைத்த பறவை மறுநாள் இறந்துகிடக்கலாம். அன்று இரவு அவள் போன் செய்து அழுதால் கேட்டுக்கொள்ளுங்கள், ‘அப்போதே சொன்னேனே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆந்தையைத் தொடுவது வீட்டுக்கு ஆகாது என்று பாட்டி வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். நம் நிலக்கடலை, கேழ்வரகு வயல்களில் இரவெல்லாம் எலி பிடிப்பது கூகைதான் என்று பேத்தியே பாட்டியிடம் சொல்லட்டும்.

இனி வேலைவாய்ப்பு. இந்தத் துறையில் நிரந்தர வேலைகள் குறைவு, தொடக்கச் சம்பளமும் சுமார்தான். அறுவை, மருந்து எல்லாம் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்களின் வேலை. விலங்கியல் படித்தவருக்குப் பராமரிப்பு, ஆய்வு, விழிப்புணர்வுப் பணிகள்தான் திறந்திருக்கும். அடுத்து அவள் வன உயிரியல் எம்.எஸ்சி. படிக்கலாம். மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு இருக்கிறது. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்துக்கும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் (என்.சி.பி.எஸ்.) போட்டி கடுமை. களத்தில் உண்மையாக உழைத்தவருக்கு அங்கே நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். வனக்காப்பாளர் பணிக்கு நீங்கள் சொல்லும் டி.என்.பி.எஸ்.சி. வழியாகவே போகலாம். ஆகவே இரண்டில் ஒன்று என்று நினைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே காவிரி வடக்கு சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. மேலகிரி மலையை அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கே வேண்டும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சிலவற்றை நீங்களே போனில் கேளுங்கள். வனத்துறை அனுமதி இருக்கிறதா? கால்நடை மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா? பெண் பிள்ளைகள் தங்குவது எங்கே, பணம் கேட்டால் எதற்காக? பறவையைப் பார்வையாளர் தோளில் வைத்துப் படமெடுக்க விடும் இடம் என்றால் வேண்டாம். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்கு ரயில் இருக்கிறது, முதல் நாள் நீங்களும் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் ‘என்னால் முடியவில்லை’ என்று அவள் சொன்னால் திட்டாமல் அழைத்து வந்துவிடுங்கள். குரூப் 4-க்கு எப்படிப் படிக்கலாம் என்று அப்போது அவளோடு உட்கார்ந்து பேசுகிறேன்.